காலை வாரிய துப்பாக்கி!

கழற்றி மாட்டும் "எம்-16" பிறந்து வளர்ந்த கதை

1967-ம் ஆண்டு. ஏப்ரல் மாதக் கடைசி.

தெற்கு வியட்நாமின் வடமேற்கு மூலையில் கேசான் என்று ஓர் இடம். அதைச் சுற்றிலும் புல்லும் மூங்கிலும் மண்டிய குன்றுகள். அந்தக் குன்றுகளுக்கு அமெரிக்க ராணுவத்தார் பெயர் வைக்கவில்லை. வரைபடத்தில் எத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருந்ததோ, அதுவே பெயர். "861-ம் குன்று" என்பார்கள். "881-ம் குன்று" என்பார்கள்.

உச்சியில் வட வியட்நாம் படை பதுங்கு குழிகள் தோண்டிக் காத்திருந்தது. அடிவாரத்தில் இருந்து அமெரிக்காவின் "மரீன்" படையினர் ஏறினார்கள். பலர் மீசை அரும்பும் வயதுப் பையன்கள். கையில் புத்தம் புதிய துப்பாக்கி. பழைய துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

சண்டை மூண்டது. சிப்பாய் சுட்டான். ஒரு குண்டு போயிற்று. இன்னொன்று போயிற்று. பிறகு விசையை இழுத்தால் சத்தம் இல்லை. துப்பாக்கி நின்றுவிட்டது!

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. காலிக்கூடு வெளியே வந்தால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். அதை எடுக்க ஒரே வழிதான் உண்டு. நீளக் கம்பி ஒன்றைக் குழலின் வாய்வழியாக உள்ளே விட்டு, இடித்து, கூட்டைப் பின்பக்கமாகத் தள்ளவேண்டும். எதிரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். குண்டுகள் பறக்கின்றன. அந்த நேரத்தில் இந்த வேலை! அந்தக் கம்பியும் எல்லாச் சிப்பாய்களிடமும் இல்லை.

உயிர் தப்பிய ஒரு சிப்பாய் ஊருக்குக் கடிதம் எழுதினான். தங்களில் பலரைக் கொன்றது எதிரி அல்ல, தங்கள் கையில் இருந்த துப்பாக்கிதான் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். இறந்துகிடந்தவர்களின் பக்கத்தில், பிரித்துப் போட்ட நிலையில் துப்பாக்கிகள் கிடந்தனவாம். சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கும்போதே உயிர் போயிருக்கிறது!

கடிதம் பத்திரிகையில் வந்தது. அமெரிக்கப் பாராளுமன்றத்திலும் படிக்கப்பட்டது. நாடே கொந்தளித்தது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் "எம்-16". அதை உண்டாக்கியவர் கெட்டிக்காரர். அவர் செய்து கொடுத்த துப்பாக்கி நன்றாகத்தான் சுட்டது. பின் எப்படி இந்த விபரீதம் நேர்ந்தது?

கல்லூரி காணாத என்ஜினீயர்

யூஜீன் ஸ்டோனர் 1922-ம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கோஸ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். கல்லூரியில் என்ஜினீயரிங் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது மரீன் படையில் சேர்ந்து, போர் விமானங்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை செய்தார். யந்திரத்தைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்ட வித்தை அவருடையது.

1954-ல் "ஆர்மலைட்" என்ற சின்னக் கம்பெனியில் தலைமை என்ஜினீயராகச் சேர்ந்தார். கம்பெனி இருந்த இடம் எது தெரியுமா? சினிமாவுக்குப் பேர்போன ஹாலிவுட்! அதன் தாய்க் கம்பெனியோ "ஃபேர்சைல்டு" என்ற விமானக் கம்பெனி.

இந்த விமானச் சம்பந்தம் முக்கியமானது. அதுவரை துப்பாக்கி என்றால் எஃகும் வாதுமை மரக்கட்டையும்தான். விமானம் கட்டுகிறவர்களுக்கோ கனம் என்றாலே ஆகாது. அலுமினியக் கலவையும் கண்ணாடி இழையும் அவர்களுக்குப் பழகிய சரக்கு. "விமானத்தையே அலுமினியத்தில் கட்டும்போது துப்பாக்கியைக் கட்டினால் என்ன?" என்று யோசித்தார்கள்.

அப்படிப் பிறந்தது "ஏ.ஆர்-10". பெரிய குண்டைச் சுடும் துப்பாக்கி. ஆனால் தூக்கினால் இலேசு. குழலையும் அலுமினியம் கலந்து செய்யவேண்டும் என்று கம்பெனித் தலைவர் பிடிவாதம் பிடித்தார். ஸ்டோனர் வேண்டாம் என்றார். முதலாளி சொல்லே வென்றது. 1957-ல் ராணுவம் அதைச் சோதித்தபோது குழல் வெடித்துவிட்டது! பிறகு எஃகுக் குழல் போட்டுக் கொடுத்தும் பயனில்லை. அந்த ஆண்டே ராணுவம் "எம்-14" என்ற வேறு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அது எஃகும் மரமுமான பழைய பாணித் துப்பாக்கி. கனம் 4 கிலோவுக்கு மேல்.

பாதிக் கனம், இரட்டிப்புத் தோட்டா

ஆனால் ராணுவத்திலேயே சில தளபதிகளுக்கு வேறு நினைப்பு. கொரியா யுத்தத்தில் அவர்கள் கண்டது என்ன? சிப்பாய்கள் வெகு தூரத்தில் இருக்கும் எதிரியைக் குறிபார்த்துச் சுட்டது குறைவு. பெரும்பாலும் கிட்டத்தில்தான் சண்டை. அப்படியானால் அவ்வளவு பெரிய குண்டு எதற்கு? சிறிய குண்டை அதிக வேகத்தில் அனுப்பினால் போதாதா?

"சிறிய குண்டுக்கு ஒரு துப்பாக்கி செய்து தாருங்கள்" என்று ஆர்மலைட்டைக் கேட்டார்கள். ஸ்டோனரும் அவருடைய உதவியாளர்களும் ஏ.ஆர்-10-ஐச் சுருக்கினார்கள். "ஏ.ஆர்-15" பிறந்தது. குண்டின் குறுக்களவு 5.56 மில்லிமீட்டர். துப்பாக்கியின் கனம் ஏறத்தாழ 3 கிலோ.

எம்-14-க்கு வேண்டிய ஒரு தோட்டாவின் எடை சுமார் 24 கிராம். புதியதன் தோட்டாவோ 12 கிராம்தான். ஆகவே அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டாக்களை எடுத்துப் போகலாம். காட்டிலும் மேட்டிலும் எல்லாவற்றையும் முதுகில் சுமக்கிற சிப்பாய்க்கு இது சின்ன விஷயமா?

இந்தத் துப்பாக்கியில் இன்னொரு விசேஷமும் இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிற்பாடு அதுதான் இந்தத் துப்பாக்கிக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது.

நம் வீட்டு மிக்சியை நினைத்துப் பாருங்கள். கீழே மோட்டார். மேலே ஜாடி. சட்னிக்கு ஒரு ஜாடி, மாவுக்கு ஒரு ஜாடி. மோட்டார் மட்டும் ஒன்றுதான். ஏ.ஆர்-15-ம் அப்படியே மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதியில் விசை, கைப்பிடி, தோளில் வைக்கும் கட்டை, தோட்டாப் பெட்டி மாட்டும் இடம். மேல்பாதியில் குழலும் உள் யந்திரமும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே இரண்டு ஆணிகள்! ஒரு தோட்டாவின் முனையால் ஆணிகளைத் தள்ளினால் போதும். சுத்தியல் வேண்டாம், திருப்புளி வேண்டாம். துப்பாக்கி இரண்டாகிவிடும். வேறு மேல்பாதியைக் கொண்டுவந்து மாட்டலாம்.

தர்பூசணி செய்த சிபாரிசு!

நல்ல சரக்குக்கு ஆதரவு கிடைத்துவிடுமா என்ன? ராணுவத்தின் ஆயுத இலாகா இதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் துப்பாக்கியா என்று சிரித்தார்கள். பணமுடையில் இருந்த தாய்க் கம்பெனி 1959-ல் உரிமையை "கோல்ட்" என்ற பழைய துப்பாக்கிக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

1960-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி. அமெரிக்கச் சுதந்திர தினம். ஃபேர்சைல்டு கம்பெனியின் முன்னாள் தலைவர் பண்ணையில் விருந்து. வந்த விருந்தாளிகளில் ஒருவர் விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே. எந்நேரமும் வாயில் சுருட்டோடு இருப்பவர், பேச்சில் கறாரானவர்.

அவர் கையில் ஏ.ஆர்-15-ஐக் கொடுத்தார்கள். தொலைவில் மூன்று தர்பூசணிப் பழங்களை வைத்திருந்தார்கள். லெமே சுட்டார். முதல் பழம் சிதறிச் செந்நீராய்த் தெறித்தது! இரண்டாவதும் அப்படியே. "மூன்றாவதையும் சுடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், அதைச் சாப்பிடுவோம்" என்றாராம் தளபதி.

இது கேட்க வேடிக்கைதான். ஆனால் ஆயுத இலாகா அசையாதபோது, கோப்புகளை அசைத்தவை இரண்டு தர்பூசணிகள்! லெமே தம் விமானப்படைக்கு அந்தத் துப்பாக்கியை வாங்கியே தீருவது என்று நின்றார். 1962-ல் விமானப்படை 8,500 துப்பாக்கிகள் வாங்கியது. அதே ஆண்டு 1,000 துப்பாக்கிகள் தெற்கு வியட்நாம் படையினரிடம் சோதனைக்குப் போயின. நல்ல பெயரோடு திரும்பின.

அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரியாக இருந்தவர் ராபர்ட் மக்னமாரா. கணக்கில் புலி. எம்-14-ஐவிட இது மேல் என்று கணக்குச் சொன்னது. 1963-ல் 1,04,000 துப்பாக்கிகளுக்கு உத்தரவு போட்டார். அவற்றில் 85,000 தரைப்படைக்கும் மரீன் படைக்கும். மீதி விமானப்படைக்கு. பெயரும் மாறியது, "எம்-16" ஆயிற்று.

இதுவரை எல்லாம் சுபம். இனிமேல்தான் சனி பிடிக்கிறது.

மருந்தை மாற்றினார்கள்

துப்பாக்கி எப்படித் தானாக அடுத்த தோட்டாவை எடுத்துக்கொள்கிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் நடந்த தவறு புரியும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு. உள்ளே வெடிமருந்து. வாயில் குண்டு. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாக விரிகிறது. அந்த வாயு குண்டைக் குழல் வழியே தள்ளிக்கொண்டு போகிறது. குண்டு வெளியேறுமுன் ஸ்டோனர் அந்த வாயுவில் கொஞ்சம் திருடிக்கொள்கிறார்! குழலின் மேற்புறத்தில் ஒரு சிறு துளை. அங்கிருந்து பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்று பின்னால் வருகிறது. வாயு அதன் வழியே ஓடிவந்து, உள்ளே கதவுத் தாழ்ப்பாள் போல இருக்கும் உறுப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தாழ்ப்பாள் பின்னால் போகும்போது காலிக்கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. சுருள்வில் அதை முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த தோட்டாவை அள்ளி உள்ளே திணிக்கிறது. கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இதற்குக் காலம் தவறக்கூடாது. தோட்டா வெடித்ததும் பித்தளைக் கூடு உப்பிச் சுற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு கணம் பொறுத்தால் தானே சுருங்கிக் கழன்றுகொள்ளும். அந்தக் கணத்துக்கு முன்பே தாழ்ப்பாள் இழுத்தால் கூடு வராது. விளிம்பு மட்டும் பிய்ந்துகொண்டு வரும்!

ஸ்டோனர் எந்த வெடிமருந்தை வைத்துத் துப்பாக்கியைச் செய்தாரோ, அது குச்சி குச்சியாக இருக்கும் மருந்து. ராணுவமோ குண்டு விநாடிக்கு 3,250 அடி வேகத்தில் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஏராளமாக உற்பத்தி செய்யும்போது அந்த மருந்தால் இந்த வேகத்தை ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. ஆகவே 1964-ல் மருந்தை மாற்றினார்கள். புதியது உருண்டை உருண்டையான மருந்து. எம்-14-ன் தோட்டாவில் ஏற்கெனவே போட்டுவந்ததுதான்.

வேகம் கிடைத்தது. ஆனால் வாயுத் துளையில் அழுத்தம் ஏறிற்று. யந்திரம் அவசரப்பட்டது. நிமிடத்துக்கு 750, 850 தடவை இயங்க வேண்டியது, 1,000 தடவை வரை ஓடியது. கூடு சுருங்குமுன்பே தாழ்ப்பாள் இழுத்தது. மேலும், புது மருந்தில் சுண்ணாம்புப் பொருள் ஒன்று கலந்திருந்தது. அது மெல்லிய குழாயில் படிந்து கட்டியது. உள்ளே கரியும் சேர்ந்தது. நம் அடுப்படிச் சுவரில் புகை படிவதில்லையா, அதுபோல!

ஸ்டோனர் இதற்குச் சம்மதித்தாரா? அவர் அப்போது ஆர்மலைட்டை விட்டு விலகி வேறு கம்பெனியில் இருந்தார். பாதுகாப்பு இலாகா அதிகாரி ஒருவர் அவரிடம் வந்து புது மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். ஸ்டோனர் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது, உத்தரவு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது! தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. புது மருந்துத் தோட்டாவைப் போட்டால் கோல்ட் கம்பெனியின் துப்பாக்கிகள் சோதனையில் தேறவில்லை. ராணுவம் என்ன செய்தது? பழைய மருந்துத் தோட்டாவைப் போட்டே சோதித்துக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. துப்பாக்கிகள் தேறின; கப்பல் ஏறின. வியட்நாமில் சிப்பாய்க்குக் கிடைத்ததோ புது மருந்து! பரீட்சை ஒரு பாடத்தில், வேலை வேறு பாடத்தில்.

இன்னும் இரண்டு குறைகள். எம்-14-ன் குழலின் உட்புறம் குரோமியம் பூசியிருந்தார்கள். எம்-16-க்கு அது இல்லை. வியட்நாம் காட்டிலோ ஓயாத மழையும் ஈரமும். தோட்டா உட்காரும் அறையில் துரு ஏறிக் குழி விழுந்தது. அந்தக் குழிகளில் பித்தளைக் கூடு கவ்விக்கொண்டது.

மற்றொன்று கேட்டால் நம்பமாட்டீர்கள். "இது நவீனத் துப்பாக்கி, அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லை" என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கம்பி, தூரிகை, எண்ணெய் எதுவும் போதுமான அளவு அனுப்பவில்லை! வீட்டில் தையல் மிஷினுக்குக்கூட வாரம் ஒருமுறை எண்ணெய் விடுகிறோம். உயிரைக் காக்க வேண்டிய யந்திரத்துக்கு அதுவும் இல்லை.

ஒரு பகுதியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்படி ஸ்டோனர் செய்தார் அல்லவா? அப்படி மாற்றும்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார். உருண்டை மருந்தை மாற்றியவர்கள் அதைப் பார்க்கவில்லை. மருந்து ஓர் இலாகா, துப்பாக்கி ஓர் இலாகா, சுத்தம் செய்யும் சாமான் இன்னோர் இலாகா. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் 881-ம் குன்று.

விசாரணை

1967 மே மாதம் பாராளுமன்ற விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. தலைவர் மிசௌரி மாநில உறுப்பினர் ரிச்சர்ட் இகார்ட். கமிட்டியினர் வியட்நாமுக்கே போய்ச் சிப்பாய்களை விசாரித்தார்கள். ஸ்டோனரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அக்டோபரில் அறிக்கை வெளிவந்தது. போதுமான சோதனை இல்லாமல் மருந்தை மாற்றியதே கோளாறுக்குப் பெரிய காரணம் என்று அது சொன்னது. குறை தெரிந்த பிறகும் திருத்தாமல் இருந்த அதிகாரிகளின் அலட்சியம், ஏறக்குறைய குற்றம் என்றே சொல்லத்தக்கது என்றும் எழுதியது. சர்க்கார் கமிட்டிகள் இப்படி எழுதுவது அபூர்வம்.

திருத்தங்கள் மளமளவென்று நடந்தன. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. சில ஆண்டுகளில் குழல் முழுவதற்கும் வந்தது. யந்திரத்தின் வேகத்தை மட்டுப்படுத்தப் பின்புறத்தில் கனமான உறுப்பு ஒன்றைப் போட்டார்கள். மருந்தில் சுண்ணாம்பைக் குறைத்தார்கள். துடைக்கும் சாமான்கள் வண்டி வண்டியாகப் போயின. அவற்றை வைத்துக்கொள்ளத் தோள்கட்டையிலேயே ஓர் அறை பிற்பாடு செய்யப்பட்டது.

இன்னொன்றும் செய்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

சிப்பாய்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். தடித்தடியான ராணுவப் புத்தகத்தைக் கொடுத்தால் யார் படிப்பார்கள்? வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியரிடம் போனார்கள். 1968-ல் 32 பக்கத்தில் ஒரு சிறு சித்திரப் புத்தகம் வந்தது. சட்டைப் பையில் அடங்கும். ஓர் இளம்பெண் பேசுகிறாள். துப்பாக்கியை எப்படிப் பிரிப்பது, எங்கே துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது, எவ்வளவு விடுவது என்று படம் படமாகச் சொல்கிறாள். சில தலைப்புகள் கொஞ்சம் குறும்பானவை. குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது! ஆனால் அரைகுறையாக எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். பெரிய பெரிய நிபுணர்கள் எழுதிய புத்தகம் செய்யாத வேலையை அந்தப் படக்கதை செய்தது.

ஒரு துப்பாக்கி, பல வேஷம்

இதற்கிடையே ஸ்டோனர் சும்மா இருக்கவில்லை. புதிய கம்பெனியில் 1963-ல் அவர் செய்தது "ஸ்டோனர் 63". கழற்றி மாட்டும் வித்தையின் உச்சம் அது!

நடுவில் ஒரே ஓர் உடல். அதில் ஒரு குழலும் கட்டையும் மாட்டினால் சாதாரணத் துப்பாக்கி. குட்டைக் குழல் மாட்டினால் குட்டைத் துப்பாக்கி. கனத்த குழல் போட்டால் இயந்திரத் துப்பாக்கி. முக்காலியில் வைத்துச் சுடலாம். தோட்டாவைப் பெட்டியில் போட்டும் சுடலாம்; மாலை போலக் கோத்தும் சுடலாம். வேடிக்கை என்னவென்றால், தோட்டா மாலைக்கு மாற்ற வேண்டுமானால் உடலைத் தலைகீழாகத் திருப்பிவிடவேண்டும்! மேலே இருந்த வாயுக் குழாய் கீழே வந்துவிடும். ஒரே நடிகர் காலையில் ராஜாவாகவும் மாலையில் மந்திரியாகவும் வருகிற மாதிரி.

இதற்கு முன் அவர் செய்த மாதிரிக்கு "எம்-69-டபிள்யூ" என்று பெயர். அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் அதே பெயர்தான் தெரியும்!

மரீன் படை 1967-ல் வியட்நாமில் இதைச் சோதித்தது. நீருக்கடியில் நீந்திப் போய்த் தாக்கும் "சீல்" வீரர்களுக்கு இதன் இயந்திரத் துப்பாக்கி வடிவம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் பராமரிப்பு அதிகம். விலையும் கூட. மொத்தம் 4,000-க்கும் குறைவாகவே செய்தார்கள். படை முழுவதற்கும் அது போய்ச் சேரவில்லை.

எல்லா வேஷமும் போடத் தெரிந்தது ஓரம் கட்டப்பட்டது. இரண்டே ஆணியில் இரண்டாகப் பிரியும் எளிய எம்-16 நிலைத்துவிட்டது. திருமண வீட்டுச் சமையலுக்கு வேண்டிய பாத்திரம் முழுவதும் யார் வீட்டிலும் இருப்பதில்லை. ஒரு நல்ல மிக்சி எல்லா வீட்டிலும் இருக்கிறது!

பல் வைத்த தண்டவாளம்

வியட்நாம் யுத்தம் 1975-ல் முடிந்தது. எம்-16 மட்டும் ஓயவில்லை. 1980-களில் கனமான குழலோடு புதிய வடிவம் எடுத்தது. 1994-ல் "எம்-4" என்ற குட்டைத் துப்பாக்கியை ராணுவம் ஏற்றது. குழல் 51 சென்டிமீட்டரில் இருந்து 37 சென்டிமீட்டராகக் குறைந்தது. தோள்கட்டையை நீட்டலாம், சுருக்கலாம். ஜீப்பிலும் ஹெலிகாப்டரிலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு எவ்வளவு வசதி!

மறு ஆண்டு இன்னொரு மாற்றம் வந்தது. பார்வைக்கு அற்பமானது, பலனில் பெரியது. துப்பாக்கியின் மேல் ஓர் உலோகப் பட்டை. குறுக்கே வரிவரியாக வெட்டுகள். குட்டி ரெயில் தண்டவாளம் போல இருக்கும். நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பிகட்டினி ஆயுதச்சாலையின் பெயரால் "பிகட்டினி தண்டவாளம்" என்றே சொல்வார்கள். 1995-ல் அதற்கு அளவு நிர்ணயம் செய்தார்கள். வெட்டின் அகலம் இவ்வளவு, இடைவெளி இவ்வளவு என்று ஒரே கணக்கு.

அதனால் என்ன? யார் செய்த தொலைநோக்கியானாலும் மாட்டலாம். யார் செய்த விளக்கானாலும் மாட்டலாம். இரவில் பார்க்கும் கருவி, முன் கைப்பிடி எதுவானாலும் சரி, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றலாம். துப்பாக்கி செய்தவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. தெருவிலே எந்தக் கடையில் வாங்கிய பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துகிறதே, அந்த மாதிரி.

ஸ்டோனரும் கடைசிவரை பட்டறையை விடவில்லை. 1990-களில் ஏ.ஆர்-10-ஐயும் ஏ.ஆர்-15-ஐயும் கலந்து பெரிய குண்டு சுடும் துப்பாக்கி ஒன்று செய்ய உதவினார். அதன் பெயர் "எஸ்.ஆர்-25". பத்தும் பதினைந்தும் இருபத்தைந்து!

பெரிய குண்டு இப்போது மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. நம் இந்திய ராணுவம் 2019-ல் அமெரிக்காவில் இருந்து வாங்க ஒப்பந்தம் செய்த 72,400 "சிக்-716" துப்பாக்கிகள், 1957-ல் தோற்றுப்போன ஏ.ஆர்-10-ன் சாயலில் வந்தவை. ஆனால் கரி சேரும் அந்த மெல்லிய குழாய் இவற்றில் இல்லை. உந்துதண்டு ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. 2022-ல் அமெரிக்கத் தரைப்படையும் 6.8 மில்லிமீட்டர் குண்டு சுடும் புதிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அதையும் பிரிக்க, இரண்டு ஆணிகளைத் தள்ளவேண்டும்.

இருவர் சந்திப்பு

வியட்நாமில் எம்-16-க்கு எதிரே நின்ற துப்பாக்கி எது? ரஷ்யாவின் "ஏ.கே-47" வகை. சேற்றில் போட்டாலும் சுடும் என்று பெயர் வாங்கியது. அதைச் செய்தவர் மிகைல் கலாஷ்னிகோவ். அவரும் கல்லூரி காணாதவர். அவரும் யுத்தத்தில் சிப்பாய்.

1990-ம் ஆண்டு மே மாதம் கலாஷ்னிகோவ் அமெரிக்கா வந்தார். ஸ்டோனரும் அவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தார். ஆனாலும் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் இருவருக்கும் பேச்சு தானாக வந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் சுட்டுப் பார்த்தார்கள்.

ஸ்டோனருக்கு எம்-16 விற்கும்போதெல்லாம் பங்குத்தொகை கிடைத்தது. வசதியாக வாழ்ந்தார். கலாஷ்னிகோவுக்கோ பதக்கங்கள் ஏராளம். துப்பாக்கிக்கென்று பங்குத்தொகை ஒரு காசு கிடையாது. இருவரும் அன்று ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஸ்டோனர் 1997 ஏப்ரலில், புளோரிடா மாநிலத்தில் காலமானார். அவருக்கு வயது 74. கேசான் குன்றுச் சண்டை நடந்து அப்போது சரியாக முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.